பந்துக்குப் பிறகு நிலம்: ரகுநாதன் அண்ணையின் நினைவாக

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, நல்லூரில் நான் இயன்மருத்துவராக வேலை செய்யும் நிலையத்தில் ஓர் அம்மாவின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது, மங்களம் அக்காவின் அழைப்பு வந்தது.

"தங்கச்சி, இவர் போயிட்டார்."

"காணிக்குள்ளையோ அக்கா?" என்றுதான் என் வாயில் வந்தது.

"இல்லையம்மா. விறாந்தையிலை. சப்பாத்து நூல் கட்டக் குனிஞ்சவர், பிறகு நிமிரேல்லை. மாரடைப்பாம்."

அந்த ஒரு கணம் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவர் இறந்த செய்தியில் ஆறுதல் அடைந்ததை நினைக்க இப்போதும் கூசுகிறது. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை, அவரை அறியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

ரகுநாதன் அண்ணை மயிலிட்டியில் பிறந்தவர். முப்பது வருடங்களுக்கு மேல் சரக்குக் கப்பல்களில் பொறியியலாளராக இருந்தவர். ஒருமுறை கப்பல் பழுதாகிச் சிங்கப்பூரில் மாதக்கணக்கில் நின்றபோது, காலி நகரைச் சேர்ந்த அவரது கப்டன் அவரைக் கொல்ஃப் திடலுக்கு அழைத்துப் போனார். அந்த விளையாட்டும் அந்தச் சிநேகிதமும் கடைசிவரை அவரை விடவில்லை. ஓய்வு பெற்றபின், நெடுங்காலம் இராணுவ வலயத்துக்குள் இருந்து மீண்ட தகப்பனாரின் காணியில் இரண்டு அறை வீடு கட்டி, மனைவி மங்களம் அக்காவுடன் குடியேறினார். ஒரு நாள் இருவரும் நுவரெலியாவில் விளையாடுவதென்று கப்டனோடு பேச்சு.

இடுப்பு நோவென்று என்னிடம் வந்தபோது அவருக்கு அறுபத்தாறு வயது.

"நோ மாறினால் மட்டும் காணாது தங்கச்சி. பந்து நேராப் போகவேணும்" என்று சொல்லி, குடையைத் தலைகீழாகப் பிடித்து வீசிக் காட்டினார். எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது. ஆனால் உடம்பு தெரியும். இடுப்பு திரும்பவில்லை, சுமை முழுவதும் முதுகின் அடியில் விழுந்தது.

மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து இடுப்பை உயர்த்தச் சொன்னேன். கதிரையைத் தொட்டும் தொடாமலும் குந்தி எழும்பச் சொன்னேன். யன்னல் கம்பியில் சைக்கிள் ரியூப்பைக் கட்டி, இரு கைகளாலும் பிடித்து உடலைத் திருப்பி இழுக்கப் பழக்கினேன். அவர் தன் பங்குக்குக் கக்கங்களில் துவாய் இடுக்கி, அது விழாதபடி மெதுவாகக் கொல்ஃப் தடியை வீசினார். முற்றத்தில் பழைய மீன்வலையைத் தொங்கவிட்டு, சீமெந்துத் தரையில் கால்துடைப்பான் விரித்து, அதன்மேல் பந்தை வைத்து அடித்தார். சனிக்கிழமைகளில் நான் போய்த் திருத்துவேன். ஆறு மாதத்தில் இடுப்பு இளகியது, நோவும் போனது.

அதன்பிறகுதான் அவர் சொன்னார்: "சீமெந்திலை பழகினது காணாது. பந்தை அடிச்ச கையோடை தடி மண்ணை வெட்டவேணும். பந்துக்குப் பிறகு நிலம். அதுதான் சரியான அடி."

அவர் வெட்டப்போனது எந்த மண் என்பது எங்களுக்குத் தெரியும். கண்ணிவெடி அகற்றித்தான் காணியைக் கொடுத்தார்கள். ஆனாலும் மாரி மழைக்குப் பிறகு யாராவது ஒருவரின் வளவில் வெடிக்காத ஏதாவது தலைகாட்டும். அங்கு எவரும் மண்வெட்டியை ஓங்கிப் போடுவதில்லை.

ஒவ்வொரு வீச்சிலும் நான் கண்ணை மூடினேன். "உங்களுக்குப் பயமில்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? தடி கீழை வரேக்கை கை இறுகுது. இறுகின கையாலை அடிச்சால் பந்து வலப்பக்கமா ஓடுது. நீர் முதுகைப் பாத்தீர். உண்மையான பிழை உதுதான்."

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை பின்னேரம், அவரது தடி மண்ணுக்குள் இரும்பில் மோதியது. அந்தச் சத்தம் என் பல்லில் ஏறியது. வெட்டிய இடத்தில் துருப்பிடித்த வளைவொன்று தெரிந்தது.

"தங்கச்சி, திரும்பாதேயும். வந்த அடியிலேயே கால் வைச்சுப் பின்னாலை போம்."

"நீங்களும் வாங்கோ!"

"என்ரை இடக்காலுக்குக் கீழையும் என்னவோ கட்டியா இருக்கு. எடுக்கமாட்டன். நீர் போம்."

தெருவுக்குப் போய்ப் பொலிசுக்கு அழைத்தேன். வெடி அகற்றும் குழுவொன்று வருவதாகச் சொன்னார்கள். ஐம்பது நிமிடம் சென்றது. அந்த ஐம்பது நிமிடமும் அவர் இடக்காலில் பாரத்தை வைத்தபடி, முழங்காலைச் சற்று மடித்து, வெயிலில் அசையாமல் நின்றார். தொடை நடுங்குவது மதிலுக்கு இப்பால் நின்ற எனக்கே தெரிந்தது. இடையில் சந்தைக்குப் போன மங்களம் அக்கா ஓட்டோவில் வந்து இறங்கினார். உள்ளே ஓடப் போனவரை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"உந்தப் பந்துக்கோ மனுசா இந்த உயிர்?" என்று அக்கா அலறினார்.

"கத்தாதையும் மங்களம். எண்ணும். நூறுமட்டும் எண்ணும். முடிஞ்சால் திருப்பி எண்ணும்."

அக்கா எண்ணினார். அழுது அழுது, இலக்கங்கள் மாறி மாறி எண்ணினார்.

குழுவிலிருந்து ஒருவர் வயிற்றில் ஊர்ந்து போய், தூரிகையால் மண்ணைத் தட்டினார். காலுக்குக் கீழே இருந்தது வெறும் சுண்ணாம்புக்கல். தடி மோதியது மோட்டார் ஷெல். அன்று மாலை அதைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய் வெடிக்க வைத்தபோது வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீர் குந்தி எழும்ப வைச்ச கால்தான் தங்கச்சி, நிண்டது" என்றார். அந்தக் காலை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தானே என்ற எண்ணம் என்னை விடவில்லை.

காணி முழுவதையும் மீண்டும் கருவியால் சோதித்து, இனி ஒன்றுமில்லை என்றார்கள். முன்பும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் அவர் முற்றத்தில் இறங்கவில்லை. பிறகு இறங்கினார். மீண்டும் மண்ணில் அடிக்கப் போகிறார் என்று அறிந்ததும் நான் கோபப்பட்டேன். இனி வரமாட்டேன் என்றேன்.

"வராதேயும். நீர் பயப்பிடுறது சரி" என்றார் அமைதியாக. "நான் இப்ப பழகாட்டில், சாகுமட்டும் என்ரை வளவிலை களவா நடக்கிறவன் மாதிரி நடப்பன்."

நான் போகவில்லை. அதை இன்று சொல்லியே ஆகவேண்டும்.

இந்த ஆண்டு அவர் நுவரெலியா போய் வந்தார். வந்த மறுநாளே நிலையத்துக்கு வந்து, நோயாளிகளோடு வரிசையில் இருந்தார். புல்லில் முதல் பந்தை அடிக்கத் தடியை உயர்த்த முடியாமல் நெடுநேரம் நின்றாராம். கப்டன் ஒன்றும் கேட்காமல் காத்திருந்தாராம். அடித்தபோது பந்து நாலு எட்டுத் தூரம்தான் உருண்டதாம்.

"மூண்டாவது அடி சரியா விழுந்தது. புல்லும் மண்ணும் கிளம்பிப் பறந்தது. நான் அப்பிடியே நிண்டன் தங்கச்சி. ஒண்டும் நடக்கேல்லை." அவர் அழுததை நான் கண்டது அன்றுதான். அதுவே எங்கள் கடைசிச் சந்திப்பு.

புதன்கிழமை இறுதிக்கிரியை. முற்றத்தில் பந்தல் போடவேண்டும். பந்தற்கால் நடக் குழி தோண்டவேண்டும். அயலவர்கள் குழி தோண்டும் இரும்பு அலவாங்கோடு வந்து நின்றார்கள். ஒருவரும் நிலத்தில் போடவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் சீமெந்துத் தரையை விட்டே இறங்கவில்லை. நானும் இறங்கவில்லை.

மங்களம் அக்கா உள்ளிருந்து வந்தார். ஒருவர் கையிலிருந்த அலவாங்கை வாங்கி, வெறுங்காலோடு மண்ணில் இறங்கினார். "அக்கா, வேண்டாம்" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இரு கைகளாலும் உயர்த்தி ஓங்கிக் குத்தினார்.

செம்மண் பிளந்தது. அலவாங்கு நடுங்கியபடி நின்றது. அக்கா அதைப் பிடுங்கி மறுபடியும் குத்தினார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய், அந்தக் குழி மண்ணைக் கையால் அள்ளி வெளியே போட்டேன்.

போய் வாருங்கள் அண்ணை. எனக்கு இன்னும் பயம்தான்.