ஸ்டேஷன் சுவரில் காவிக் கைகள்

ஸ்டேஷன் மாஸ்டர் கனகசபை காலமானார் என்று தம்பின் ஜங்ஷனிலிருந்து வந்த ரயில் கார்டு சொன்னபோது நான் நம்பவில்லை. எதையும் முதல் வாயில் நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அடுத்த வண்டியில் வந்தவரும் அதையே சொன்ன பிறகுதான் நம்பினேன்.

மலாயாவில் மலாக்கா கிளைப் பாதையில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன ஸ்டேஷனில் அவர் மாஸ்டர், நான் டிக்கெட் கிளார்க். உங்களில் அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும், யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. அப்படிப்பட்டவர் தோட்டத்துச் சனத்தோடு கூடிக் கூடிப் பேசுவார். அதுவே எனக்குச் சந்தேகம். படித்த மனிதர் காரியமில்லாமல் ஏன் பேசவேண்டும்?

ஒரு மாரியம்மன் திருவிழாவுக்குச் சனங்கள் மலாக்காவுக்கு ரயிலேற வந்திருந்தார்கள். மாஸ்டர் ஒரு வாளியில் காவியைக் கரைத்து வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு கை சுவரில் பதிக்கச் சொன்னார். நல்ல நாளில் வீட்டுச் சுவரில் பதிப்பார்களே, அதுபோல. ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஊரைவிட்டு வரும்போது தோட்டத்து ஒப்பந்தத்தில் வைத்த கைநாட்டு அவர்களுக்கு மறக்குமா? பெருவிரல் வைத்ததற்கே இந்தப் பாடு, முழுக்கையும் வைத்தால் என்ன ஆகுமோ என்று முணுமுணுத்தார்கள். ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரப் பட்டை வெட்டும் அஞ்சலைதான் சிரித்துக்கொண்டே முதலில் வைத்தாள். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். சுவர் அழகாகத்தான் இருந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மேலிடத்துக்குக் காட்டிப் பதவி உயர்வு வாங்கவா என்று ஜாடையாகக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை.

"இந்தத் தண்டவாளம் போட்டது இந்தச் சனத்தின்ர கை. அது சுவரில கிடந்தா ஆருக்கு என்ன குறை? நீர் என்னையும் சந்தேகப்படுறீரோ?"

நான் டிக்கெட்டுகளை அடுக்கப் போய்விட்டேன். கொஞ்ச நாளில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சுவரைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நான் நினைத்தது சரிதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குள் அஞ்சலையின் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகு கங்காணி கொடுத்த தொல்லை தாங்காமல், சிகாமட்டில் இருந்த அண்ணனிடமே போய்விட அவள் மூட்டையோடு டிக்கெட் வாங்க வந்தாள். பின்னாலேயே கங்காணியும் வந்தான். சுவரைக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"உன் கை இங்க இருக்கு. கவர்மெண்டு சுவத்துல கைநாட்டு வச்சவ, தோட்டத்த விட்டு எப்படிப் போவ?"

பச்சைப் பொய். ஆனால் சனம் நம்பியது. அஞ்சலையும் நம்பி மூட்டையை இறக்கிவிட்டாள். அப்படியும் ஒரு சட்டம் இருக்குமோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது. மாஸ்டர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார், யார் காதிலும் ஏறவில்லை. வண்டி வருகிற நேரம். அவர் கோட்டைக் கழற்றினார். பிளாட்பார ஓரத்துக்கு அடிக்கக் கரைத்திருந்த சுண்ணாம்பைத் தூக்கிவந்து, சுவர் முழுவதையும் தாமே அடித்து மறைத்தார். ஒரு கையும் மிச்சமில்லை.

"இப்ப காட்டும், எது இவளின்ர கை?" என்று கங்காணியைக் கேட்டார்.

அஞ்சலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள், நான் டிக்கெட்டைக் கொடுத்தேன். வண்டி போன பிறகு கூட்டத்தில் ஒருவர், மாட்டிக்கொள்வோம் என்று பயந்து மாஸ்டர் அழித்துவிட்டார் என்றார். நம் சனத்தை என்ன சொல்ல!

அதிகாரி வந்தார். வெறும் சுவரைப் பார்த்துவிட்டுக் காரணம் கேட்டார். மாஸ்டர் ஆங்கிலத்தில் சொன்ன பதிலைத் தமிழில் தருகிறேன்: "அவை அவர்களுடைய கைகள். தேவைப்பட்டன, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்." பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

இன்றும் நான் யாரையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், இந்தக் குணம் இனி மாறாது. அவரிடமும் குற்றம் தேடாமல் இல்லை. கூட இருந்த காலமெல்லாம் தேடினேன். அகப்படவில்லை. இந்தப் பொல்லாத மனசும் ஒரு மனிதரை நம்பியது என்பதுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.