விட்டன்பர்க் சுவரில் கண்டது

உரச் சாக்கின் காரமான மணம் மூக்கில் ஏறும்... கழுத்தும் கையும் அரிக்கும்.

சின்ன வயதில், கிளிநொச்சி வட்டக்கச்சியில், எங்கள் ஓலைக் கிடுகுக் கொட்டில் தேவாலயத்தில், சீர்திருத்தத் திருநாள் நாடகம். ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் திருச்சபையின் பிழைகளை எதிர்த்து நின்ற துறவியாக நான். சாக்கை வெட்டித் தைத்ததுதான் துறவியின் அங்கி. கோயில் கதவில் அவர் தன் எதிர்ப்பை எழுதிய தாளை ஆணி அடிக்கும் காட்சியில் நான் கையை மட்டும் ஆட்டுவேன். திரைக்குப் பின்னால் நின்று ஜெயன் அண்ணா பலகையில் சுத்தியலால் அடிப்பார். சத்தம் ஒருநாளும் கையோடு பொருந்தாது...

ஆனால் அந்தத் துறவியை எங்கள் வீட்டில் யாரும் விளையாட்டாக நினைத்ததில்லை.

அப்பா மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்தவர். போதகரின் ஊழியமும் கமக்காரனின் வயல் வேலையும் கடவுளுக்கு முன்னால் ஒன்றுதான் என்று அந்தத் துறவி போதித்தாராம். அதைப் பிரசங்கத்தில் கேட்ட அன்று அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கேட்டனீரோ? வரம்பு கட்டுறதும் ஊழியம்தானாம்" என்றார். அதற்குப் பிறகு ஜெபம் பண்ணாமல் அவர் மண்வெட்டியைத் தொட்டதில்லை. சாகும்வரை அப்படித்தான்.

அதனால், ஜெர்மனியில் பேக்கரி வேலை செய்யும் ஜெயன் அண்ணா போன வருடம் "வா, உன்னை அந்தத் துறவியின்ர விட்டன்பர்க்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் விசாவுக்காகக் கிளிநொச்சியில் எங்கள் சபையே ஜெபித்தது. "வந்து எல்லாருக்கும் சொல்லோணும்" என்றார் பாஸ்டர்.

அந்தத் துறவி பிரசங்கம் செய்த தேவாலயத்துக்குள் நின்றேன். அப்பாவை நினைத்து அழுதேன். வெளியே வந்து சுவரோரமாக நடந்தபோது அண்ணாந்து பார்த்தேன்.

கூரைக்குக் கீழே ஒரு கற்சிற்பம். பெரிய பெண் பன்றி. அதன் முலையில் மனிதர்கள் பால் குடிக்கிறார்கள். ஒருவர் அதன் வாலடியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னண்ணா இது?"



"யூத ஆக்களுக்குப் பன்றி தீட்டு. அவையளைக் கேவலப்படுத்தச் செதுக்கினது. அந்தத் துறவி பிறக்க முந்தியே செதுக்கிப்போட்டினம்."

"அப்ப அவர் இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர்... இதைக் காட்டி நக்கலடிச்சு எழுதினவர். கடைசிக் காலத்தில அந்த ஆக்களின்ர வீடுகளையும் ஜெபக்கூடங்களையும் கொளுத்தச் சொல்லியும் எழுதினவர்."



கொளுத்துவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்து அலைந்து திரும்பியபோது எங்கள் வீடு நாலு கரிந்த சுவராகத்தான் நின்றது. என் அப்பாவைத் தலைநிமிர வைத்த அதே கையா இதையும் எழுதியது?

சிற்பத்துக்கு நேர் கீழே, நிலத்தில், கொல்லப்பட்ட யூதர்களுக்காக ஒரு நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள். அண்ணா வாசித்துச் சொன்னார். பாதி என் காதில் ஏறவில்லை. சிற்பத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் பாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 

"மறைக்காதேங்கோ. அந்தப் படத்தையும் காட்டுங்கோ."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காட்டினேன். முன்வரிசையில் இருந்த செல்வமணி அக்கா எழுந்தார். மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். இனக்கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கே வன்னிக்கு வந்தவர்.

"எங்க லயத்துச் சுவத்துல 'கள்ளத்தோணி'ன்னு, திருட்டுத்தனமா படகுல வந்தவங்கன்னு, எங்கள எழுதி வச்சாங்க. அம்மா அழுதுக்கிட்டே கழுவுனாங்க. இவங்க ஏன் இத இன்னும் விட்டு வச்சிருக்காங்க?"

"நடந்ததை மறக்கக்கூடாது எண்டுதானாம் அக்கா."

"சரி... அந்த வழியா நடந்து போற யூதப் புள்ளைக்கு எப்புடி இருக்கும்?"

பாஸ்டரைப் பார்த்தேன்.

சின்ன வயதில் எங்கள் போதகர்களிடம் எந்தக் கேள்விக்கும் வசனத்தோடு ஒரு பதில் இருக்கும். கேட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு நடப்போம். அந்த நிம்மதியைச் சிலவேளை இப்போதும் மனம் தேடுகிறது...

"எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றார் பாஸ்டர். அப்படியே பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். ஒவ்வொருவராக நாங்களும் முழந்தாளிட்டோம்.

செல்வமணி அக்கா மட்டும் கனநேரம் நின்றுகொண்டே இருந்தார்.