பாலுக்கும் பல்லுக்கும் ஒரு கால்

என் அக்கா பல் டாக்டரானதற்கு என் முன்பல்தான் காரணம். அறுபதைத் தாண்டிய பிறகும் இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கல்யாணம், காதுகுத்து என்று குடும்பத்தில் நாலு பேர் கூடினால் நானே பேச்சை எடுத்துவிடுவேன். "ஆரம்பிச்சிட்டியா?" என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

நாங்கள் அப்போது பினாங்குப் பக்கம், திகாம் பத்துக்கு உள்ளே ஒரு கித்தாத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். கித்தா என்றால் ரப்பர். அம்மா பால்மரம் வெட்டினாள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தாள். மரத்திலிருந்து வரும் பாலை ஸ்டோரில் தொட்டிகளில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைப்பது அப்பாவின் வேலை. எங்கள் வீட்டில் பால் என்றால் அது மரத்துப் பால்தான். மாடு கொடுப்பதற்கு மாட்டுப் பால் என்று பெயர். தேத்தண்ணியில் ஊற்றுவது டின் பால். முன்னால் ஒட்டு எதுவும் இல்லாமல் வெறுமனே பால் என்று சொல்லும் மரியாதை கித்தாவுக்கு மட்டுமே இருந்தது. அக்காவின் குடியைக் கெடுத்ததும் இந்த மரியாதைதான்.

அக்கா சுங்கை பட்டாணியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தாள். எங்கள் தோட்டத்தில் அவ்வளவு தூரம் படிக்கப் போன முதல் பெண் அவள். திகாம் பத்து வரை சைக்கிள், அப்புறம் பஸ். படிப்பில் கெட்டிக்காரிதான். ஆனால் வாயில்லாப் பூச்சி. எங்கள் வீட்டுக்கு அளந்து விட்ட வாய் முழுவதையும் கடவுள் எனக்கே கொடுத்துவிட்டார் போலும். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா என்னைப் பார்த்துச் சொல்லும்போதெல்லாம் அக்கா தலையைக் குனிந்துகொள்வாள். அம்மாவும் பெரிய பேச்சுக்காரி இல்லை. எப்போதும் முந்தானையை வாயருகே பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். சிரிப்பதும் அந்த முந்தானைக்குள்ளேதான். அது கூச்ச சுபாவம், அக்கா அம்மாவைக் கொண்டிருக்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்த அக்காவுக்கு, எங்கிருந்து வந்ததோ, பல் டாக்டராக வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "வாயை மூடு" என்றாள். பல் டாக்டராகப் போகிறவள் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

பெரிய பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலேயே ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் விஞ்ஞானத்தில் ஒரு கேள்வி, பாலில் ஆசிட் சேர்த்தால் என்ன நடக்கும் என்று. அக்காவுக்குக் கொண்டாட்டம். அப்பா தினமும் செய்கிற வேலை ஆயிற்றே! பாலை வடிகட்ட வேண்டும், தண்ணீர் கலக்க வேண்டும், ஆசிட் ஊற்றியதும் இறுகிவிடும், அப்புறம் ரோலரில் கொடுத்துத் தட்டையாக்கி, புகை வீட்டில் தொங்கவிட்டு, காய்ந்ததும் தரம் பிரித்துக் கப்பலேற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக இங்கிலீஷில் எழுதித் தள்ளிவிட்டாள். அவர்கள் கேட்டது மாட்டுப் பால்.

ஆசிரியை அதை வகுப்பில் உரக்க வாசித்தார். பாலைப் புகை போட்டுத் தொங்கவிடும் இடம் வந்ததும் வகுப்பே உருண்டு புரண்டு சிரித்ததாம். அன்றிலிருந்து அக்காவுக்குப் பெயர் புகைப்பால். பஸ்ஸிலும் அதுவே. கொஞ்சநஞ்சம் இருந்த வாயும் அதோடு அடைத்துப்போனது. பெரிய பரீட்சையில் விஞ்ஞானத் தாளைக் கையில் வாங்கியதும் காதில் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டதாம். தெரிந்ததை எழுதவே பயம். மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க்கு, விஞ்ஞானம் மட்டும் பல்லை இளித்துவிட்டது. இந்த மார்க்கை வைத்துக்கொண்டு பல் படிப்புக்கு இடமில்லை என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சலுக்கு அவரிடம் நாலு வித மருந்து உண்டு. பல்வலிக்கு ஒன்றே ஒன்றுதான், குறடு. செய்தி கேட்டு எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளை, கித்தாப் பாலுக்கும் மாட்டுப் பாலுக்கும் வித்தியாசம் தெரியாத நீர் பல்லுக்குப் படிக்கப் போறீரோ?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அக்காவுக்கு எங்கே போய்த் தைத்தது என்று அவருக்குத் தெரியாது. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அதற்குள் அக்காவுக்கென்று ஒரு மர நிரையே பார்த்து வைத்துவிட்டார். விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்து மரங்களை வெட்டப் போகலாம். அப்பாவுக்கும் அதுவே சரி என்று பட்டது.

அம்மாதான் குறுக்கே நின்றாள். முந்தானையை வாயில் வைத்தபடியே, "இன்னொரு தடவ எழுதட்டும். அதுலயும் வரலன்னா நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அம்மா அதிகம் பேசாதவள் என்பதால் அவள் பேசினால் அப்பா எதிர்த்துப் பேசமாட்டார்.

அப்படித்தான் நான் அக்காவுக்குப் பரீட்சை அதிகாரியானேன்.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். இங்கிலீஷ் புத்தகத்தில் படித்ததைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்தால்தான் அவளுக்குப் புரிந்ததாக அர்த்தம். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பசி தீர்ந்ததும், கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். அக்கா எதிரே நிற்பாள். எனக்கு அந்தப் பதவி ரொம்பப் பிடித்திருந்தது. "கேக்கல, சத்தமா!" என்பேன். "புரியல, மறுபடி சொல்லு!" என்பேன். புரிந்தாலும் சில சமயம் அப்படித்தான் சொல்வேன். அதிகாரம் கையில் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா?

முதலில் முனகினாள். பிறகு பேசினாள். போகப் போகக் கையை ஆட்டி என்னோடு சண்டை போடவே ஆரம்பித்துவிட்டாள். புகை வீட்டில் ஏன் மேல் வரிசைக் கித்தா முதலில் காய்கிறது, ரோலரின் பிடி நீளமாக இருந்தால் சுற்றுவது ஏன் சுலபம் என்று தோட்டத்தையே விஞ்ஞானமாக மாற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "பெரிய குட்டிக்கும் வாய் வந்திருச்சு, இனி இந்த லயத்துல யாரு தூங்க?" என்று சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் முன்பல் ஆடி விழுந்தது. விழுந்த பல்லைக் கூரைமேல் போட வேண்டும், போட்டால்தான் புதுப்பல் முளைக்கும். நான் முற்றத்துக்கு ஓடினேன். அக்கா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் குடுடி, பால் பல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பல் எப்படிப் பாலில் செய்ததாக இருக்கும்? அப்படியானால் கித்தா மாதிரி வளைய வேண்டுமே என்றேன். அக்கா என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் கெஞ்சி ஸ்டோர் ஆசிட்டில் கொஞ்சம் வாங்கி, தண்ணீர் விட்டுக் கலந்து, ஒரு போத்தலில் என் பல்லைப் போட்டு மூடி அலமாரிமேல் வைத்துவிட்டாள். நான் அழுத அழுகை மூன்று லயம் தாண்டிக் கேட்டது. கூரையில் போடாவிட்டால் எனக்கு எப்படிப் பல் முளைக்கும்? கிழவியாகும்வரை பொக்கை வாய்தானா?

சில நாள் கழித்து அக்கா போத்தலைத் திறந்து, பல்லை நன்றாகக் கழுவி என் உள்ளங்கையில் வைத்தாள். மேலே இருந்த பளபளப்பைக் காணோம். அமுக்கினேன். வளைந்தது! கித்தாத் துண்டு மாதிரியே வளைந்தது. நான் அலறிவிட்டேன்.

"பல்லு கெட்டியா இருக்கிறதுக்குக் காரணம் அதுல இருக்கிற சுண்ணாம்பு. ஆசிட் அதத் தின்னுருச்சு" என்றாள் அக்கா. "அதே ஆசிட்டுதான், பார்த்தியா? பாலுல ஊத்துனா பால் கட்டியாவுது. பல்லுல ஊத்துனா பல்லு கரையுது. வாயில சோத்துத் துணுக்கு தங்குனா அங்கயும் ஆசிட்டு ஊறுது."

"பாலுக்கும் பல்லுக்கும் ஒரு கால்தான் வித்தியாசம்" என்றேன். தமிழ்ப்பள்ளியில் அப்போதுதான் எங்களுக்குத் துணைக்கால் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை விஞ்ஞானம் பல்லை இளிக்கவில்லை. நல்ல மார்க்கே வந்தது. ஆனால் பழைய மார்க்கும் காலேஜ்காரர்கள் கையில் இருந்ததே! பினாங்குக்கு வா, நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா துணைக்குப் போனார். டிரசர் ஐயா தன் கோட்டை இரவல் கொடுத்தார். அது அப்பாவுக்குத் தோளில் நிற்காமல் முழங்கைக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா என் பல்லைத் தைலப் புட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டுக் கையோடு எடுத்துப் போனாள். காய்ந்தால் விறைத்துவிடுமாம்.

திரும்பி வந்ததும் நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஒன்று விடாமல் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு வெள்ளைக்காரத் துரைமார், ஒரு சீன டாக்டர். முதல் தடவை ஏன் இவ்வளவு மோசம் என்று ஒரு துரை கேட்டாராம். அக்கா மறைக்கவில்லை. பாலைப் புகை போட்ட கதையை அப்படியே சொன்னாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

"அவங்க சிரிச்சதும் யாரோ புகைப்பால்னு கத்துன மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்து மண்டோர்கிட்டப் பேர் குடுக்க வேண்டியதுதான்னு நெனச்சேன். அப்பத்தான் உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. புரியல, மறுபடி சொல்லுன்னு கத்துற மூஞ்சி" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். புட்டியைத் திறந்து என் பல்லை எடுத்து, மூன்று பேர் முன்னாலும் வளைத்துக் காட்டினாளாம். எங்கள் அப்பா பாலில் ஊற்றுகிற அதே ஆசிட்தான் இது, பாலை இறுக்கும், பல்லைக் கரைக்கும், வாய்க்குள்ளேயும் இதுதான் நடக்கிறது என்று இங்கிலீஷில் வெளுத்து வாங்கிவிட்டாள். சிரித்த துரை எழுந்தே வந்துவிட்டார். பல் ஒவ்வொரு கையாக மாறியது. கேள்விமேல் கேள்வி. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு நேரம் ஆகிவிட்டதாம். அப்பா வெளியே கோட்டை இழுத்துவிட்டபடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, என் பல்லு எங்க?" என்றேன்.

சீன டாக்டர் தன்னிடமே இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். எனக்கு வந்ததே கோபம்! கூரைக்குப் போக வேண்டிய பல் பினாங்கில் போய் உட்கார்ந்துவிட்டது. அக்காவோடு இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அது பெரிய தண்டனை.

பிறகு காத்திருந்தோம். அம்மா வேலைக்குப் போகும்போது மண்டோர் கண்ணில் படாமல் சுற்றுவழியாகப் போனாள்.

ஒரு மத்தியானம் டிரசர் ஐயா சைக்கிளை ஓட்டிக்கொண்டு லயத்துக்குள் வந்தார். கையில் தந்தி. எங்கள் லயத்துக்கு அதுவரை வந்த தந்தியெல்லாம் சாவுச் செய்தி. பக்கத்து வீட்டு அத்தை அதைக் கண்டதும் யார் என்ன என்று கேட்காமலேயே மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ, போயிட்டீங்களா!" என்று ஆரம்பித்துவிட்டாள். அந்த வீடு, இந்த வீடு என்று பெண்கள் ஓடிவந்து கூடவே அழுதார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

டிரசர் ஐயா சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். "இதென்ன கூத்து! ஆரும் சாகேல்லை! பிள்ளைக்கு இடம் கிடைச்சிட்டுது! பல்லுக் காலேஜிலை இடம் கிடைச்சிட்டுது!"

மாரில் அடித்த கைகளே அப்படியே கைதட்டலாக மாறின. அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே அக்காவைத் தூக்கிச் சுற்றினாள். அப்பா ஸ்டோரிலிருந்து ஆசிட் வாடையோடு ஓடிவந்தார். டிரசர் ஐயா அக்கா கையைப் பிடித்துக் குலுக்கி, "பிள்ளை, இனி என்ரை குறட்டுக்கு வேலையில்லை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாளியைத் தட்டிக்கொண்டு லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி, "எங்கக்கா பாஸு! என் பல்லு பாஸு!" என்று கத்தினேன்.

திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானை தோளிலிருந்து சரிந்து கிடந்தது. இரண்டு கையாலும் அக்காவின் முகத்தைப் பிடித்திருந்ததால் வாயை மூடக் கையில்லை. மூட வேண்டும் என்ற நினைப்பும் இல்லை. மேல்வரிசையில் முன்னால் ஒரு பல்லும் கிடையாது. அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பார்த்திருந்தாலும் மனதில் பதியவில்லை. அன்றுதான் பார்த்தேன். அட, அம்மாவுக்கும் என்னை மாதிரியே விழுந்திருக்கிறது!

எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. டிரசர் ஐயா பிடுங்கிவிட்டுப் பல்லைத் திருப்பிக் கொடுத்திருக்கமாட்டார், அம்மாவால் கூரைமேல் போட முடிந்திருக்காது. நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து என் ஈறைக் காட்டினேன். அதில் வெள்ளையாகப் புதுப்பல் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பயப்படாதம்மா. என் பல்லயும் கூரையில போடல, ஆனா மொளச்சிருச்சு பாரு. உனக்கும் மொளச்சிரும்."

அம்மா இன்னும் பெரிதாகச் சிரித்தாள். "மொளைக்கும்டி. அதுக்குத்தானே அவ போறா" என்றாள்.

வகுப்பே சிரித்தபோது அழாத அக்கா, மார்க்கு வந்தபோது அழாத அக்கா, அப்போது அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு இந்த அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் விழுந்த பல் முளைக்கும் என்பதுதான். பால் பல் மட்டும்தான் முளைக்கும் என்பது தெரியாது. ஏன் உனக்குப் பல் டாக்டராக வேண்டும் என்று அக்காவிடம் அன்றைக்குக் கேட்டேனே, அதற்கான பதில் என் எதிரே வாய் திறந்து சிரித்துக்கொண்டு நின்றது. அதுவும் எனக்குத் தெரியவில்லை.