சித்திரையில் தெரியாத செங்காந்தள்

என் மனைவி ஹஃபீசாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என் மடத்தனத்தைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

லெப்பைக்குடிக்காட்டில் பாதி ஆண்களைப் போல நானும் சவுதிக்காரன். பத்தொன்பது வருஷமாகத் தம்மாமில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. அதையும் கம்பெனி சித்திரை, வைகாசியில்தான் கொடுக்கும். வந்து பார்த்தால் வாசலில் காய்ந்த குச்சியும் புழுதியும் கிடக்கும். ஆனால் அங்கே இருக்கும்போது அவள் போனில் அனுப்பும் படங்களில் மதில் முழுக்கச் செக்கச்செவேல் என்று பூ. வெயிலில் எல்லாம் செத்துவிடுகிறது, வருஷா வருஷம் புதிதாக வைக்கிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கவில்லை.

அவள் எதையும் நர்சரியில் வாங்கியதில்லை. வெள்ளாற்றுப் பக்கம் மனை போடுகிறவர்கள் ஜேசிபி வைத்து வேலியை வழித்தபோதெல்லாம், கூடையோடு போய் ஆவாரை, நொச்சி, பிரண்டை என்று பொறுக்கி வந்து நட்டாள். "முள்ளுக்காட்டை வூட்டுக்கே கொண்டாந்துட்டா" என்று தெருவே சிரித்தது. அவளுக்கு உயிர் செங்காந்தள். எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். கிழங்கு விஷம் என்பதால் ஆடு, பிள்ளைகளுக்கு எட்டாமல் மதிலோரம் வைத்திருந்தாள். அது தை மாதத்தில் காய்ந்து மண்ணுக்குள் படுத்தால், மழை கண்ட பிறகுதான் எழுந்திருக்கும்.

போன வருஷம் லீவில் வந்திருந்தேன். தங்கச்சிக்குப் பிரசவம் என்று ஹஃபீசா மூன்று நாள் பெரம்பலூர் போனாள். திரும்பி வரும்போது அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. செட்டிகுளத்துக் கொத்தனார் நல்லுசாமியைக் கூப்பிட்டு, வாசலைக் கொத்தி மதில் வரைக்கும் பேவர் பிளாக் கல் பதிக்கச் சொன்னேன்.

"பாய், அடியில கெழங்கு கெடக்கு. உசுரோட இருக்குற மாதிரி தெரியுது" என்றார் அவர்.

"செத்த செடிதாண்ணே, வாரிக் கொட்டுங்க" என்றேன். வீட்டுக்காரனுக்குத் தெரியாததா என்ற தோரணை வேறு.

ஹஃபீசா வந்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு மதிலையே பார்த்தாள்.

"கெழங்கெல்லாம் எங்கங்க?"

"எந்தக் கெழங்கு?"

திட்டியிருந்தால் தேவலை. "பதினோரு வருஷமா வளத்ததுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் புதுக் கல்லின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். நல்லுசாமிக்கு போன் போட்டு, மண்ணை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன்.

"மண்ணைத்தான் கொட்டுனேன் பாய். கெழங்கை எடுத்து வச்சிருக்கேன். எங்க பக்கம் இதை வயல்லயே பயிராப் போடுறாங்க, கொட்ட மனசு வரல."

மறுநாள் முதல் பஸ்ஸில் சிமெண்டுச் சாக்கோடு வந்து இறங்கினார். உள்ளே மணலில் கலப்பை மாதிரி வளைந்த கிழங்குகள். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவே தோன்றவில்லை. அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. "நுனியிலதான் முளைக்கண்ணு. அது ஒடிஞ்சா கெழங்கு முளைக்காது. மம்முட்டி பட்டிருக்கு, எத்தனை தேறுமோ தெரியலம்மா" என்றார். மதிலோரம் இரண்டு வரிசைக் கல்லை அவரே பெயர்த்துக் கொடுக்க, ஹஃபீசா ஒவ்வொன்றாகப் புதைத்தாள். என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசினாள்.

முளைக்குமா முளைக்காதா என்று தெரியாமல் விமானம் ஏற எனக்கு மனசு வரவில்லை. கம்பெனியில் கெஞ்சி, திட்டு வாங்கி, டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். ஆனி போனது, ஒன்றும் இல்லை. ஆடியில் இரண்டு நாள் நல்ல மழை. தினமும் விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு நேரே மதிலோரம் போய்க் குனிந்து பார்ப்பேன். வெறும் மண்தான் இருக்கும்.

ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "என்னங்க! இங்க வாங்களேன்!" என்று அவள் குரல். வாய் நுரையோடு ஓடினேன். விரல் நுனி அளவுக்கு ஒரு பச்சை முளை. தள்ளி இன்னொன்று. எண்ணி ஏழு.

அவள் முளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஒவ்வொரு வருஷமும் மொத மொளை வந்ததும் கூப்புடணும்னு வாய் வரைக்கும் வரும். ஆளில்லையேன்னு உள்ள போயிடுவேன். இன்னிக்குக் கூப்பிட்டேன், வந்துட்டீங்க" என்றாள்.