மாப்பிள்ளைக்குப் போன பிக்கப்பின் டோர் போர்ட்

ரெக்சின் ஒட்டும் பசையின் வாசம்... மூக்கில் ஏறினால் தலை கிறுகிறுக்கும்.

எண்பதுகளின் ஆரம்பம். கல்முனையில் ஒரு குஷன் கடையில் வேலை பார்த்தேன். ஊரில் உள்ள வாகனங்களுக்கெல்லாம் சீட் தைத்தவன் நான். ஆனால் எங்கள் சொந்த வாகனத்துக்குச் செய்த ஒரே வேலையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வாப்பாவிடம் ஒரு பிக்கப் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. விடிந்தால் சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏற்றுவார். அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான்.

ராத்தாவுக்கு, அதாவது என் மூத்த சகோதரிக்கு, கலியாணம் பேசினார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். வீடு கொடுத்தாயிற்று. அது போதவில்லையாம்... பிக்கப்பையும் கேட்டார்கள். முன்பு பேசிய இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்ததால் வாப்பா ஒத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் மாமா வண்டி பார்க்க வந்தார். கதவைத் திறந்து உட்பக்க அட்டையை விரலால் குத்தினார். நாங்கள் அதை டோர் போர்ட் என்போம். உப்புக் காற்றில் ஊறிப்போன போர்ட், பொலபொலவென்று உதிர்ந்தது. அண்ணன் முறையில் வாப்பாவைக் காக்கா என்று அழைத்துத்தான் சொன்னார்:

"இதென்ன காக்கா, வாகனமா கருவாட்டுப் பெட்டியா? கதவுக்கெல்லாம் புதிசாப் போட்டுத் தாங்க. இல்லாட்டி மாப்புள ஊருக்குள்ள என்னெண்டு ஓடுற?"

வாப்பா என்னைப் பார்த்தார். "மகன் குஷன் கடையிலதானே. செஞ்சி தருவான்" என்றார்.

கண்ணாடி சுற்றும் கைபிடிகளைக் கழற்றினேன். பழைய போர்ட்டை ஹார்ட்போர்ட் மேல் வைத்துப் பென்சிலால் கோடு கிழித்து வெட்டினேன். ஸ்பொன்ஜ் ஒட்டி, அதற்கு மேல் மெரூன் கலர் ரெக்சின். சுருக்கம் விழாமல் மறுபக்கத்தை வாப்பா இழுத்துப் பிடித்தார். கதவின் அடியில் நெல்மணியும் மீன் செதிலும் ஒரு பிடி கிடந்தன. அவரே கூட்டி அள்ளினார்.

"வாப்பா, வண்டியக் குடுத்துட்டு நீங்க என்ன செய்யப்போறீங்க?"

"புள்ளட வாழ்க்கை மனே. நீ கதையாம இழுத்து ஒட்டு."

கலியாணம் முடிந்தது. ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானுக்குக் கந்தோரில் மேசை வேலை, வண்டி ஓட்டத் தெரியாது. வாப்பாவையே ஓட்டச் சொன்னார். தன் வண்டிக்குத் தானே ட்ரைவர்!

ஒருநாள் பஸார் நடுவில், ஆட்கள் பார்க்க, மச்சான் சொன்னார்: "மாமா, கைய கதவுல சாத்தாதீங்க. வேர்வையில ரெக்சின் கறுக்குது. இனி மீனும் ஏத்த வேணாம், நாறுது."

"சரி மகன்."

அன்றிலிருந்து வாப்பா முழங்கையை விலாவோடு ஒடுக்கி வைத்துக்கொண்டுதான் ஓட்டினார். அல்லாஹ்வே... அந்த நாசமாய்ப்போன ரெக்சினைப் பிளேடால் கிழித்தெறியலாம் போல இருந்தது எனக்கு.

அடுத்த மழைக்காலம் வருமுன்னே மச்சான் வண்டியைச் சொறிக்கல்முனையில் யாருக்கோ விற்றுவிட்டார். வாப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாப்பா கடற்கரையில் மீனுக்கு ஐஸ் உடைக்கப் போனார். மௌத்தாகி மண்ணுக்குள் போகும் வரைக்கும் அதுதான் அவர் தொழில்.

போன கிழமை ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். வீட்டோடு வேனும் வேணுமாம். அப்போது பிக்கப், இப்போது வேன்... அவ்வளவுதான் நாங்கள் முன்னேறியது.

மச்சான் கதிரையில் சாய்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு ஈவிரக்கமே இல்ல மச்சான். எங்கட காலம் இப்படியா இருந்த?" என்றார்.

ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேத்தி பக்கத்தில் நின்றதால் நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் இதை எழுதும் இந்தப் பேஸ்புக் பக்கத்தில் மச்சானும் எனக்கு நண்பராகத்தான் இருக்கிறார். வாசிக்கட்டும்.