டிரையரைத் தொடாமலே தீர்ப்புச் சொன்னவர்

போன ஐப்பசி மழையில், மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் துணி டிரையர் தடதடவென்று அலறியது. என் கொழுந்தன் சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்தவர். அதனால் அவருக்குத் தெரியாத மெஷினே கிடையாது. "மோட்டார் போச்சு அண்ணி, புதுசா வாங்கிடுங்க" என்று தொடாமலே தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் துணி சுற்றும்போது ரப்பர் கருகும் நாற்றம். பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். நான் வீட்டில் இல்லாதிருந்தால் தீயே பிடித்திருக்கும். சூடு ஆறியதும் டிரம்மைக் கையால் சுற்றினேன். அதே தடதட சத்தம், டிரம்முக்கு அடியிலிருந்து வந்தது.

மெக்கானிக் வந்து பிரித்தார். டிரம்மைத் தாங்கும் இரண்டு ரப்பர் ரோலர்களும் தட்டையாகத் தேய்ந்திருந்தன, சுற்றிலும் நெல்மணிகள். "இதுல நெல்லு காய வச்சீங்களாக்கா?" என்றார். கொழுந்தன் வாசல் பக்கம் நழுவினார்.

ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்ட குறுவை நெல்லைத் தலையணை உறையில் கட்டி, நான் இல்லாத நேரமெல்லாம் டிரையரில் சுற்றியிருக்கிறார் இந்த மேதாவி. காய்ந்த அந்தக் கொஞ்சத்தை அங்கே சாம்பிளாகக் காட்டுவாராம்! நிலையத்துக்காரர்கள் குவியலுக்குள் கைவிட்டுத்தான் அள்ளிப் பார்ப்பார்கள் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

புது ரோலர்கள் போட்டதும் சத்தம் நின்றது. இப்போதெல்லாம் சின்னச் சத்தம் வந்தாலும் மெஷினை நிறுத்தி, டிரம்மைக் கையால் சுற்றிப் பார்க்கிறேன். உடனே மெக்கானிக்கைக் கூப்பிடுகிறேன்.

போன வாரம் கொழுந்தன், "ஃபிரிட்ஜ்ல கம்ப்ரஸர் போச்சு அண்ணி" என்றார். முதல் வேலையாகக் கதவைத் திறந்து, உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்தேன்.