நுரையக்காவின் மோட்டார்

மார்ச் 3: ஆழ்துளைக் கிணற்றுக்குப் புது மோட்டார், 21,400.
ஏப்ரல் 11: மோட்டாரை மேலே ஏற்றிய கூலி, 3,000.
ஏப்ரல் 12, 13: தண்ணீர் லாரி, நடைக்கு 1,100.
ஏப்ரல் 15: கருகிய காயிலைப் புதிதாகக் கட்டி, இன்னும் ஆழத்தில் இறக்கியது, 9,650.

இந்தக் கணக்கை எழுதியவளுக்கு வீட்டில் வைத்த பேர் வேறு. தெருவுக்கு அவள் நுரையக்கா. பக்கத்து மருத்துவமனையின் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் பன்னிரண்டு வருஷமாகத் தன் வீட்டுப் பின்னறையில் துவைத்துக் கொடுத்துவந்தாள். குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. காலை ஆறு மணிக்கு வேன் வரும்போது வெளுத்த துணி மடித்துத் தயாராக இருக்க வேண்டும். அதுதான் பேச்சு.

பதினோராம் தேதி இயந்திரம் பாதி அலசலில் நின்றது. குழாயைத் திறந்தாள், இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. நாற்பது விரிப்பு சோப்போடு கிடந்தது.

மோட்டாரைப் பொருத்தித் தந்தவன் கொழுந்தன்தான். ஓடி வந்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணி, சும்மா ட்ரிப் ஆகியிருக்கும்," என்று சுவிட்சைத் தட்டினான். உறுமல் கேட்டது. பிறகு கருகல் வாடை.

மோட்டார்காரர் வந்து, குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுத்தார். கையை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்புறம் சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சின்னக் கருவி ஒன்று அதில் உண்டு. அதற்கு வேலையே இல்லாதபடி, அதைத் தாண்டி ஒரு சிவப்பு ஒயர் போயிருந்தது.

"இதை யாருங்க பைபாஸ் பண்ணது?"

கொழுந்தன் வானத்தைப் பார்த்தான். "அண்ணிதான், அடிக்கடி நிக்குது, தொல்லையா இருக்குன்னாங்க."

"நிக்குதுன்னுதானே சொன்னேன்? ஏன் நிக்குதுன்னு பாக்கச் சொன்னா, அதோட வாயைக் கட்டிட்டு வந்திருக்க."

"நாய் குலைச்சா திருடனைப் பாக்கணும் தம்பி," என்றார் மோட்டார்காரர். "நீங்க நாயை அடிச்சிட்டீங்க."

விற்ற கடையில் போய் நின்றாள். ஒயரின் புகைப்படத்தைப் பார்த்ததும் கடைக்காரர் கைவிரித்துவிட்டார். உத்தரவாதம் செல்லாதாம்.

லாரித் தண்ணீர் வந்தது, இரும்பு கலந்த தண்ணீர். பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. துவைத்து உதறினால் வெள்ளை விரிப்பு தேநீர் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. மறுபடி துவைத்தாள், கறை இன்னும் ஏறியது. பதிமூன்றாம் தேதி மூட்டை திரும்பி வந்தது. பதினான்காம் தேதியும் வந்தது. அவளே மருத்துவமனை மேலாளரைப் பார்க்கப் போனாள்.

"உங்க மேல குறை சொல்லலக்கா. ஆனா ஆபரேஷன் முடிஞ்சு வர்றவங்களை இதுல எப்படிப் படுக்க வைக்கிறது?"

"ரெண்டே நாள் பொறுங்க சார். மோட்டார் இறங்கிடும்."

"மேல கேட்டுச் சொல்றேன்."

மேலே யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. வீடு திரும்பினாள். கொழுந்தன் வாசலில் நின்று, "அண்ணி, நான் வேணா..." என்று ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணும் வேணாம்ப்பா. எதையும் தொடாம இரு, அது போதும்."

பதினைந்தாம் தேதி சாயங்காலம் தண்ணீர் வந்தது, கண்ணாடி மாதிரி. திரும்பி வந்த விரிப்புகளைக் கறைபோக்கியில் ஊறவைத்து, விடிய விடிய துவைத்து, மடித்து வாசலில் அடுக்கினாள். காலையில் வேன்காரன் அவற்றை ஏற்றிக்கொண்டான். அழுக்கு மூட்டை எதையும் இறக்கவில்லை.

"என்கிட்ட எடுத்துட்டு வரத்தான்க்கா சொன்னாங்க," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வேலை வேறு இடத்துக்குப் போய்விட்டதென்று மருத்துவமனை எழுதிய கடிதம் வந்தது ஏப்ரல் 22 அன்று.